தோப்புக் கல்யாணமும் தாய்மாமன் பட்ட பாடும்

சினிமாவுல பார்த்திருப்பீங்க. மாந்தோப்பு, மரத்துக்கு மரம் சீரியல் லைட்டு, காத்துல பறக்குற பட்டுப்புடவை, எங்கிருந்தோ வர்ற நாதஸ்வரம். பார்க்கிற எல்லாருக்கும் 'கட்டுனா இப்படி ஒரு இடத்துல கட்டணும்டா'ன்னு தோணும். சரி, அந்த சீன்ல எங்கயாவது கழிவறையைக் காட்டினாங்களா? ஜெனரேட்டர்? சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கிட்டு சேத்துல வழுக்குற ஆளு? காட்ட மாட்டாங்க. அதெல்லாம் தாய்மாமன் டிபார்ட்மெண்ட்.

2025 வைகாசியில எங்க அக்கா பொண்ணு கல்யாணம் மேல்பட்டாம்பாக்கத்துல, அக்காவோட தோப்புலயே நடந்தது. நாலு மாசம் ஆபீஸ்ல ஆணி புடுங்குன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நான் புடுங்கினது இந்தத் தோப்பு ஆணிதான். போட்டோ பார்த்துட்டு தெரிஞ்சவங்க மூணு பேரு "எங்க வீட்டுலயும் இப்படிப் பண்ணணும், என்னென்ன வேணும்?"னு போன் பண்ணிட்டாங்க. தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா பதிவாவே போட்டுடறேன். கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

ஊர் தெரியாதவங்களுக்கு: கடலூர்லேந்து பண்ருட்டி போற ரோட்டுல நெல்லிக்குப்பம் தாண்டினா மேல்பட்டாம்பாக்கம். பேரூராட்சி. ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. வடக்கே தென்பெண்ணை ஆறு. சுத்துப்பட்டுல கரும்புதான் பிரதானம்.

ஏன் தோப்பு?

இங்க ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. பண்ருட்டி பக்கம் பலா, முந்திரியெல்லாம் வேரோட போச்சு. அக்கா வீட்டுத் தோப்புல தென்னை ஏழெட்டு தவிர மத்ததெல்லாம் படுத்துடுச்சு. அக்கா வீட்டுக்காரர் மூணு நாள் பேசாம உக்காந்திருந்தார். அப்புறம் 2012-ல எழுந்து, மா முப்பது கன்னு, ஓரத்துல பலா நாலு கன்னுன்னு வச்சார். அப்ப என் மருமகளுக்கு பதினோரு வயசு. குடத்துல தண்ணி தூக்கிக்கிட்டு அவர் பின்னாடியே அலையும்.

2021-ல கொரோனா ரெண்டாவது அலையில அவர் போயிட்டார். மரங்க நின்னுடுச்சு.

கல்யாணம் முடிவானதும் பெரியப்பா வழக்கமான யோசனையைச் சொன்னார். "திருவந்திபுரத்துல தாலியைக் கட்டு, பக்கத்துல மண்டபத்துல சாப்பாட்டைப் போடு." கடலூர் மாவட்டத்துல இது பாதிப்பேரோட கல்யாண ஃபார்முலா. தேவநாத சுவாமி கோயில்ல முகூர்த்த நாள்ல ஒரே காலையில நூறு கல்யாணத்துக்கு மேல நடக்கும். 2021-ல வெள்ளி, சனி, ஞாயிறு கோயிலை மூடச் சொன்னப்ப, முகூர்த்தத்தை விட மனசில்லாம கோயில் முன்னாடி ரோட்டுலயே வரிசையா நின்னு தாலி கட்டிக்கிட்டுப் போனாங்க. திறந்தவெளிக் கல்யாணம்னா எங்க ஊர்க்காரங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மருமக ஒத்துக்கல. "அப்பா வச்ச மரத்தடியிலதான் மாமா"ன்னுச்சு. அதுக்கு மேல நான் என்ன பேச? ஆனா அன்னிக்கு ராத்திரி தனியா போன் பண்ணி இன்னொன்னு சொல்லுச்சு. "மண்டபத்துல அம்மாவை எங்க நிக்க வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. மணவறையில சடங்கு நடக்கிறப்ப அம்மா சமையக்கட்டுல இருக்கும். நம்ம தோப்புல வந்து அம்மாவை யாரு தள்ளி நில்லுங்கன்னு சொல்லுவாங்க?"

இதைக் கேட்டப்புறம் தோப்புதான்னு நானும் முடிவு பண்ணிட்டேன். செலவு, சிரமம் எல்லாம் அப்புறம்.

மாசமும் மண்ணும்

வெளியில கல்யாணம்னா தை, மாசி, பங்குனிதான் நல்லது. மழை முடிஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது. கருக்கல்ல பனி கொட்டும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில கடலூர்ப் பக்கம் வெளியில கல்யாணம் வைக்கிறவங்களுக்கு ஒரு கும்பிடு. எங்க மாப்பிள்ளைக்கு கப்பல்ல வேலை, லீவு கிடைச்சது வைகாசியில. அக்னி நட்சத்திரம் முடியற நேரம். பகல்ல வெயில் கொளுத்தும், சாயங்காலம் வெப்பச்சலன மழை வரும், வராமலும் போகும்.

மண்ணு அடுத்த பிரச்சனை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி விடியறதுக்குள்ள சாத்தனூர் அணையிலேர்ந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணியைத் திறந்தாங்க. தென்பெண்ணை கரையோர ஊரெல்லாம் மிதந்தது. எங்க தோப்புல தண்ணி வடிஞ்சப்ப அரை அடிக்கு வண்டல் படிஞ்சிருந்தது. விவசாயத்துக்கு வரம். அறுநூறு பேரை பிளாஸ்டிக் சேர்ல உக்கார வைக்கணும்னா சாபம். நாலு காலும் இறங்கி சேர் சாயும், பந்தல் கால் ஆடும்.

மாசியிலயே டிராக்டர் விட்டு சமன்பண்ணி, ரோலர் ஓட்டி, ரோட்டுலேர்ந்து பந்தல் வரைக்கும், பந்தல்லேர்ந்து பந்தி வரைக்கும், பந்தியிலேர்ந்து கழிவறை வரைக்கும் பன்னெண்டு அடி அகலத்துக்கு கிராவல் கொட்டினோம். மரத்தடியில மட்டும் கொட்டல, வேர் மூச்சு முட்டும்னு அக்கா சொல்லிடுச்சு. இந்த கிராவல்தான் கடைசியில மானத்தைக் காப்பாத்துச்சு. அது பின்னாடி.

தலைக்கு மேல

தோப்புல முதல் ஆபத்து தேங்காய். பத்து நாள் முன்னாடியே ஆள் ஏத்தி காய், காய்ஞ்ச மட்டை எல்லாத்தையும் இறக்கியாச்சு. அடுத்தது பலா. வைகாசின்னா பழம் பழுத்து வாசனை தூக்கும். அது விழுந்தா மனுஷன் காலி, விழலைன்னா ஈ மொய்க்கும். எல்லாத்தையும் வெட்டி சொந்தக்காரங்களுக்குக் கொடுத்தோம்.

மூணாவது நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத வில்லன்: முசுறு. மா மரத்துல இலையை மடிச்சு கூடு கட்டுற சிவப்பெறும்பு. கீழ ஹோமம் வளர்த்து புகை மேல போனா என்ன ஆகும்? மொத்தமா ஐயர் தலையிலயும் மாப்பிள்ளை தலையிலயும் இறங்கும். தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளை ஆடுற டான்ஸை வீடியோவுல நினைச்சுப் பாருங்க, அவ்வ்வ்வ்! ஒரு வாரம் முன்னாடி கூடுகளை வெட்டி எடுத்து, தண்டுல ஒரு சாண் அகலத்துக்கு கிரீஸ் தடவினோம். மணவறையையும் நேரா கிளைக்கு அடியில போடாம, மரத்துக்கு எட்டடி தள்ளிப் போட்டு, மேல துணி கட்டினோம். நெருப்புச் சூடு மரத்துக்குப் படாம இருக்கவும் அது நல்லது.

கீத்தா? தகரமா?

ஊர்ப் பெருசுங்களுக்கு பந்தல்னா தென்னங்கீத்துதான். குளுகுளுன்னு இருக்கும், பார்க்க அழகு, தோப்புலயே மட்டை இருக்கு. நான் வேணாம்னு ஒத்தைக்கால்ல நின்னேன்.

காரணம் இருக்கு. 1997 ஜூன் 7, தஞ்சை பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போட்ட யாகசாலைப் பந்தல்ல தீ. நெருப்புலயும் நெரிசல்லயும் நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபம். மாடியில போட்டிருந்த கீத்துப் பந்தல்ல கரண்டு கோளாறுல பிடிச்ச தீ. மாப்பிள்ளையோட சேர்த்து ஐம்பது பேருக்கு மேல போயிட்டாங்க. காய்ஞ்ச கீத்து, ஓடுற ஒயர், சூடான லைட்டு, வெளியே போக சின்ன வழி... இந்த நாலும் ஒரு இடத்துல சேரக்கூடாது. வைகாசி வெயில்ல பத்து நாள் காஞ்ச கீத்து மேல ஒரு பொறி விழுந்தா தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.

அதனால இரும்புக் கால் நட்டு தகரப் பந்தல், உள்ள வெள்ளைத் துணி. பக்கவாட்டுல எதையும் அடைக்கல, நாலு பக்கமும் திறப்பு. வாசல்ல மட்டும் ஆசைக்கு பச்சைத் தென்னங்கீத்துத் தோரணமும் வாழைமரமும். சமையல் கொட்டகை பந்தலுக்கு எண்பதடி தள்ளி, காத்து அடிக்கிற திசைக்குக் கீழ. மணல் வாளி நாலு, தீயணைப்பான் மூணு.

சாமியானா போதும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அது வெயிலுக்கு மட்டும்தான். மழை பேஞ்சா துணி தொட்டில் மாதிரி தொங்கி தண்ணி தேங்கும். யாராவது ஒரு புத்திசாலி கம்பால குத்துவான். கீழ உக்காந்திருக்கிற சம்பந்திக்கு மங்கள ஸ்நானம். தகரமோ தார்ப்பாயோ, சரிவு வச்சுக் கட்டச் சொல்லுங்க. தண்ணி இறங்குற பக்கம் வாய்க்கால் வெட்டி விடுங்க.

பந்தக்கால்

முகூர்த்தக்கால் நடுற அன்னிக்குத்தான் முதல் உரசல். மஞ்சள் பூசி மாவிலை கட்டின கம்பு தயார். சுமங்கலிங்க அஞ்சு பேரைக் கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க. மருமக நேரா போய் அக்கா கையைப் பிடிச்சு முன்னாடி இழுத்துட்டு வந்துச்சு. "மொதல்ல அம்மா பிடிக்கட்டும்." ஒரு நிமிஷம் யாரும் பேசல. ஒரு அத்தை ஏதோ முணுமுணுத்தாங்க. அக்கா பின்னாடி நகரப் பார்த்துச்சு.

எங்க ஆயாவுக்கு எண்பத்தாறு வயசு. திண்ணையிலேர்ந்து ஒரே சத்தம்: "இந்தக் குழி தோண்டின மண்ணு யாருதுடி? அவ புருசன் வெட்டி, அவ தண்ணி ஊத்துன மண்ணு. அவ நடாம வேற எவ நடுவா?"

அவ்வளவுதான். நாட்டாமை தீர்ப்புக்கு அப்பீல் இல்ல. அக்கா கம்பைப் பிடிச்சுது. தங்கமணி என் பக்கத்துல நின்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தாங்க. புகை எதுவும் அங்க இல்ல.

கரண்டும் சத்தமும்

தோப்புல மோட்டார் கொட்டாய் இருக்கு, இலவச மின்சாரம் வருது, ஒரு ஒயரைப் போட்டு இழுத்துட்டா என்னன்னு ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. வேணாம் மக்களே. விவசாய இணைப்பை கல்யாண லைட்டுக்குப் போட்டா அது மின்சாரச் சட்டம் 2003-ல 126-வது பிரிவுக்குள்ள வரும், அந்தக் கட்டணத்தோட ரெண்டு மடங்கு போட்டுத் தீட்டுவாங்க. அதோட மோட்டார் ஒயரு பந்தல் லோடு தாங்காது. மின்வாரியத்துல தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்துட்டு, கூடவே ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்தோம்.

பச்சை மரத்துல சீரியல் லைட்டு சுத்துறதுல ஒரு பயம் உண்டு. ஒயர்ல எங்கயாவது தோல் உரிஞ்சிருந்து, மரம் நனைஞ்சிருந்து, குழந்தை போய் கையை வச்சா? வயர்மேன் கிட்ட சொல்லி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே டிரிப் ஆகுற பிரேக்கர் போட வச்சேன். கைக்கெட்டுற உயரத்துல ஒயரே கிடையாது. ஜெனரேட்டருக்கு தனி எர்த்து. வயர்மேன் "சார் ரொம்ப பயப்படறார்"னு சிரிச்சார். சிரிக்கட்டும்.

அடுத்தது ஒலிபெருக்கி. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி வாங்கணும், அதோட 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் திறந்தவெளியில மைக் கூடாது. எங்க முகூர்த்தம் நாலரை - ஆறு! மண்டபத்துக்குள்ளன்னா கதவை மூடிக்கலாம். தோப்புக்குக் கதவு ஏது? அதனால மைக்கே இல்லாம நாதஸ்வரமும் தவிலும் மட்டும். அது அந்தக் காலத்துலேர்ந்து வீதியில வாசிச்ச வாத்தியம். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்டுச்சு. கெட்டிமேளம்னா என்னன்னு அன்னிக்குத்தான் எனக்கு முழுசா புரிஞ்சது.

சொல்லக் கூச்சப்படுற விஷயம்

கழிவறை. தோப்புக் கல்யாணம் ஜெயிக்கிறதும் தோக்குறதும் இங்கதான். ஆம்பளைங்க கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கிடுவோம். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, கையில குழந்தையோட வர்ற பொம்பளைங்க? மூட்டுவலி இருக்கிற பெரியவங்க? இதை யோசிக்காம தோப்புல கல்யாணம் வச்சா, வந்தவங்க தண்ணி குடிக்காம உக்காந்திருந்துட்டு, இலையில பாதி சாப்பிட்டுட்டு ஓடிடுவாங்க.

நடமாடும் கழிவறை எட்டு எடுத்தோம். அஞ்சு பெண்களுக்கு, மூணு ஆண்களுக்கு. அதுல ரெண்டு உக்காருற மாதிரி. வழி பூரா லைட்டு, பூச்சி பொட்டு இருக்கும்ல. சுத்தம் பண்ண ரெண்டு பேர், மணிக்கொரு தடவை. அவங்களுக்கு முதல் பந்தியிலயே சாப்பாடு போடச் சொன்னேன். கையுறை, பூட்ஸ் நாங்களே வாங்கிக் கொடுத்தோம்.

தண்ணி: போர் தண்ணி பாத்திரம் கழுவ, கை கழுவ. குடிக்க கேன். சமையலுக்கு லாரித் தண்ணி. சமையல்காரர் மூணு தடவை கேட்டது மெனுவை இல்ல, தண்ணித் தொட்டி எத்தனைன்னுதான். அனுபவஸ்தர்.

வண்டி நிறுத்த பக்கத்து அறுவடை முடிஞ்ச நிலம். பண்ருட்டி ரோட்டுல பஸ்காரங்க பறப்பாங்க, திருப்பத்துல டார்ச்சோட ரெண்டு பசங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: ரயில்வே கேட் போட்டா போட்டதுதான், அரை மணி முன்னாடியே கிளம்புங்க.

மழை

வந்தது. முதல் நாள் வரவேற்பு அன்னிக்கு, ராத்திரி ஏழே முக்காலுக்கு. மேற்கால ஒரு மின்னல், அப்புறம் காத்து. ஸ்டேஜ் பின்னாடி இருந்த பூ அலங்காரம் அப்படியே குப்புற விழுந்தது. பந்தியில இலையெல்லாம் பறக்குது, மேசை மேல விரிச்ச பேப்பர் சுருள் பாம்பு மாதிரி ஓடுது. அடுத்த நிமிஷம் கொட்ட ஆரம்பிச்சது.

மெயின் கரண்டு போச்சு, ஜெனரேட்டர் எடுத்துச்சு. தகரத்து மேல மழைச் சத்தத்துல பாட்டுக் கச்சேரி ஊமைப்படம் ஆயிடுச்சு. ஆனா உள்ள ஒரு சொட்டு விழல. பந்தியை மட்டும் பக்கத்து நெல் குடோனுக்கு மாத்தினோம். இதுக்காகவே ஒரு வாரம் முன்னாடி பேசி, கூட்டி, சாவி வாங்கி வச்சிருந்தேன். முப்பத்தஞ்சு நிமிஷம். நின்னுச்சு. கிராவல் போட்ட பாதையில ஜனம் சேறு படாம நடந்துது. பாதையை விட்டு இறங்கின ரெண்டு பேர் செருப்பை மட்டும் இன்னும் மண்ணு தரல.

மழை விட்டதும் ஈசல்! லைட்டைச் சுத்தி, ரசத்துல, மாப்பிள்ளை கோட்டுல. ஆயா சொன்ன வைத்தியம்: பந்தல் லைட்டைப் பாதியா குறைச்சு, நூறடி தள்ளி ஒரு பெரிய வெள்ளை லைட்டைப் போட்டு அடியில தண்ணித் தொட்டி வைக்கிறது. பத்து நிமிஷத்துல கூட்டம் அங்க மாறிடுச்சு. 

விடியக்காலை நாலு மணிக்கு இலையிலேர்ந்து சொட்டு விழுந்துக்கிட்டிருந்தது. ஹோமக் குச்சியும் வரட்டியும் வீட்டு அடுப்பங்கரைப் பரண்ல வச்சிருந்ததால நனையல. அக்கா பொண்ணு பக்கத்துலயே நின்னுச்சு. யாரும் எதுவும் சொல்லல. தாலி கட்டுறப்ப அக்கா பார்த்தது மாப்பிள்ளையையும் இல்ல, பொண்ணையும் இல்ல. மரத்தை.

கணக்கு

தோப்புன்னா மிச்சம்னு நினைக்காதீங்க. எங்களுக்கு பேசின மண்டப வாடகை ஒண்ணரை லட்சம். தோப்புல பந்தல் 1,40,000, ஜெனரேட்டர் டீசலோட 22,000, கழிவறை 30,000, கிராவலும் ரோலரும் 18,000, தண்ணி 9,000. ஆக 2,19,000. அறுபத்தொம்பதாயிரம் அதிகம், ஹி ஹி.

சர்டிபிகேட் விஷயமும் ஒண்ணு உண்டு. கோயில்லயோ மண்டபத்துலயோ பண்ணினா ரசீது இருக்கும். தோப்புக்கு யாரு ரசீது தருவா? தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். பத்திரிகையில இடத்தைத் தெளிவா அச்சடிச்சு, போட்டோ, சாட்சிகளோட அடுத்த வாரமே போயிடுங்க.

சுருக்கமா: மாசம் பாருங்க, மண்ணு பாருங்க, தலைக்கு மேல பாருங்க, கழிவறைக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, மழைக்கு இன்னொரு கூரை கையில வச்சிருங்க. இடத்து மேல ஒரு பிடிப்பு இருந்தா மட்டும் இறங்குங்க. போட்டோவுக்காகன்னா மண்டபமே சுகம்.

இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன். மண்டபத்துல கல்யாண முருங்கைக் கொம்பை மணல் வாளியில நட்டு, மறுநாள் குப்பைக்குப் போகும். இங்க மண்ணுலயே நட்டோம். பந்தல் பிரிச்சு, எச்சில் இலையெல்லாம் குழியில மூடி, எல்லாரும் கிளம்பினப்புறம் அக்கா அதுக்கு மட்டும் தினமும் ஒரு குடம் ஊத்துது. இருபதாம் நாள் போன்ல போட்டோ வந்துச்சு, மூணு துளிர்.

டிஸ்கி: தோப்பு வாடகைக்கு விடப்படுமான்னு யாரும் கேக்காதீங்க. அக்கா கிட்ட கேட்டேன், முறைச்சுது :-)